அசல் எது? பழைய கார்களும் மாற்றப்பட்ட இன்ஜின்களும்

2021 ஜூலை 15 அன்று ஒன்றிய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. முதல் பதிவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்னும் தனி வகையாகப் பதிந்துகொள்ள அது வழிசெய்தது. பதிவு எண்ணின் நடுவே ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே இத்தகைய வாகனத்தைச் சாலையில் எடுக்கலாம். இவையெல்லாம் படித்த மாத்திரத்தில் விளங்குபவை. சிக்கல் ஒரே ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது. வாகனம் தன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், பெருமளவு மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி.

‘அசல்’ என்ற சொல்லுக்கு அரபு மூலத்தில் ‘வேர்’ என்று பொருள். ஒரு பழைய காருக்கு வேர் எங்கே இருக்கிறது? தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளிலா, அதன்பின் அது ஓடிய நாற்பது ஐம்பது ஆண்டுகளிலா? இங்கிலாந்தில் இக்கேள்வி அவ்வளவு கடினமானதன்று. இந்தியாவில் கடினமானது. அதற்குக் காரணம் நம் பொருளாதார வரலாறு.

‘விண்டேஜ்’ என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். திராட்சை அறுவடையைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மதுவைக் குறிக்கலாயிற்று. 1934-இல் இங்கிலாந்தில் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் தொடங்கியவர்கள், 1930-ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரான கார்களையே அப்பெயருக்கு உரியவை என வகுத்தார்கள். பெருந்தொகை உற்பத்தி பரவிய பின் வந்தவை தரம் தாழ்ந்தவை என்பது அவர்களது எண்ணம். மதுவைப் போலவே காருக்கும் நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு உண்டு என்ற ரசனை அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் விதியில் அந்த ரசனைக்கு இடமில்லை. வயது மட்டுமே அளவுகோல். ஆகவே ஊர்ப் பண்ணையாரின் மகாராஜா பாணி ரோல்ஸ் ராய்ஸும், 1970-இல் உத்தர்பாராவில் தயாராகி வாடகைக்கு ஓடிய அம்பாசடரும் வயதளவில் சமம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வகையில் இதுவே நேர்மையான வரையறை.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டி முடிக்கும் ஆலையைத் தொடங்கியது. சற்றேறக்குறைய அதே காலத்தில் ஃபோர்டும் பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் வேரூன்றியது. செவர்லே, பியூக், ஃபோர்டு முதலியவை அரண்மனைகளுக்கு மட்டுமன்றி மருத்துவர், வழக்கறிஞர், தோட்ட முதலாளி ஆகியோர் வீடுகளுக்கும் வந்தன. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. உதிரி பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உடைய நிறுவனங்களே தொழில் நடத்தலாம் என்ற கொள்கை 1953-இல் வந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. இந்துஸ்தான், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவை எஞ்சின. புதுக் கார் வேண்டுவோர் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இதனால் பழைய கார் குப்பைக்குப் போகவில்லை. போக முடியவில்லை என்பதே சரி. 1947 மாடல் செவர்லே ஒன்றின் பிஸ்டன் தேய்ந்தால் டெட்ராய்ட்டிலிருந்து புதியது வராது. கல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ சென்னையின் புதுப்பேட்டையிலோ வேறொரு காரின் பிஸ்டனைத் தேடி, லேத்தில் கடைந்து பொருத்துவார்கள். வட இந்தியப் பட்டறைகளில் இதைச் செய்பவர் ‘மிஸ்திரி’; நம் கட்டட வேலையில் ‘மேஸ்திரி’. இரண்டும் ஆசான் என்று பொருள்படும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள். (காரைத் திறக்கும் ‘சாவி’யும் அதே கப்பலில் வந்ததுதான்.) அந்த ஆசான்கள் பிஸ்டனோடு நிற்கவில்லை. ஆறு சிலிண்டர் அமெரிக்க இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அத்தகைய காரை ஓட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு இயலாததாயிற்று. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் டீசல் இன்ஜினையோ, பின்னாளில் மாடடோர் வேனின் டீசல் இன்ஜினையோ ஏற்றினார்கள். சிறிய கார் என்றால் அம்பாசடரின் இன்ஜின். பெர்கின்ஸ் இன்ஜின்கள் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலையில் உருவாகிவந்தன என்பதை நினைவிற் கொண்டால், அமெரிக்க உடலுக்குள் தமிழ்நாட்டு இதயம் துடித்த கார்கள் பல என்று சொல்லலாம்.

இதே அறுவை வேலையை ஏறத்தாழ அதே தலைமுறையினர் கலிபோர்னியாவிலும் செய்துகொண்டிருந்தார்கள், முற்றிலும் வேறான காரணத்துக்காக. ஃபோர்டு 1932-இல் வி-8 இன்ஜினை மலிவு விலைக் காரில் வைத்து விற்றது. சில ஆண்டுகளில் விபத்துக்குள்ளான கார்களின் வி-8 இன்ஜின்கள் காயலான் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. இளைஞர்கள் அவற்றை வாங்கி, பழைய மாடல்-ஏ கார்களில் பொருத்தி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் அளந்தார்கள். அதை முறைப்படுத்த 1937-இல் தென் கலிபோர்னியா டைமிங் சங்கம் உருவானது. போர் முடிந்து திரும்பிய வீரர்களால் இப்பழக்கம் பெருகியது. 1948-இல் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே இதழ் வந்தது. வீட்டுக் கொட்டகையே அவர்களுக்குத் தொழிற்சாலை.

அங்கே இன்ஜின் மாற்றம் வேகத்துக்காக, இங்கே பிழைப்புக்காக. அங்கே அது இளமையின் கொண்டாட்டம். இங்கே வறுமையின் அடையாளம் எனக் கருதி மறைக்கப்பட்டது. அதைவிட வியப்பானது பின்கதை. மாசுமருவற்ற மூலவடிவத்துக்குப் பேர்போன பெப்பிள் பீச் கார் கண்காட்சி 1997-இல் ஹாட் ராட்களுக்கெனத் தனிப் பிரிவைத் திறந்தது. டோன் ஸ்பென்சர் என்பவர் தம் கைப்பட மாற்றியமைத்த 1932 ஃபோர்டு முதலிடம் பெற்றது. அந்தக் காரைச் செப்பனிட்டவர்கள் அதை ஃபோர்டு ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்பென்சர் மாற்றிவைத்த நிலைக்கே கொண்டுவந்தார்கள். மாற்றமே அங்கு அசலாகிவிட்டது.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லையா என்றால், உண்டு. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சாங் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்ஃபூவுக்கு 1950-களின் லேண்ட்ரோவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏறிவந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் இன்ஜின் என்றோ மாறிவிட்டது. மகிந்திராவின் டீசல் இன்ஜின் உள்ளே இருக்கும். ஹரியாணாவின் மண்டி டப்வாலியில் இராணுவத்தின் ஏல ஜீப்புகளைப் பிரித்துச் சேர்த்துப் புதிய உருவில் விற்ற பட்டறைகளுக்குப் பெரும் பெயர் உண்டு. சென்னைவாசிகளுக்கு இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்: பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திய மீன்பாடி வண்டியைப் பார்த்தவர்களுக்கு ஹாட் ராட் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் வீட்டில் பழைய காரைச் செப்பனிடும் நம் ஆர்வலர் இந்த மரபைத் தம் முன்னோராக எண்ணுவதில்லை. அவர் பெரும்பாலும் மாத ஊதியக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கொட்டகையில் உழைப்பவர். உடலைச் சேஸிஸிலிருந்து பிரிப்பார். ஒவ்வொரு போல்ட்டையும் உறையிலிட்டுப் பெயர் எழுதிவைப்பார். டிங்கரிங் செய்பவர் தகட்டின் அடியில் சுரண்டும்போது பட்டிக்கும் பழைய பெயின்ட்டுக்கும் அடியில் மூன்றாவது, நான்காவது வண்ணம் தலைகாட்டும். கதவுச் சட்டத்தின் மரத்தைக் கறையான் தின்றிருக்கும்; இங்கிலாந்தில் ஆஷ் மரம் இருந்த இடத்தில் இங்கே தேக்கு ஏறும். 12 வோல்ட்டுக்கு மாற்றப்பட்ட மின்சுற்றை மீண்டும் 6 வோல்ட்டாக்கி, துணி சுற்றிய ஒயர் தேடுவார். உருக்கி ஊற்றிச் சுரண்டிச் சரிசெய்யும் வெள்ளை உலோகப் பேரிங் என்றால் அதை அறிந்த முதியவரைத் தேடி வேறு ஊருக்கும் போவார். இந்தப் பொறுமையின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. கடைசியில் பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்று எங்கோ கிடைக்கும். அன்று டீசல் இன்ஜின் எடைக்குப் போகும். அதைத் தாங்குவதற்காக மிஸ்திரி பற்றவைத்த இரும்புத் தாங்கிகள் வெட்டி எறியப்படும்.

நான் தயங்குவது இந்த இடத்தில்தான். தமிழில் இவ்வேலையைப் ‘புதுப்பித்தல்’ என்கிறோம். சொல்லே பழையதைப் புதிதாக்கச் சொல்கிறது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்த நம் முன்னோர் வேறு வழியைக் கற்றுத்தந்திருக்கிறார்கள். பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை மூலமெனக் கொண்டாலும், மற்றப் பாடங்களை அவர்கள் எறிந்துவிடவில்லை. பாடபேதமெனப் பக்கத்தின் அடியில் பதிந்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர் சிலபோது அந்த அடிக்குறிப்பிலிருந்தே சரியான சொல்லை மீட்டதும் உண்டு. பெயர் தெரியாத மிஸ்திரி பற்றவைத்த தாங்கியும் ஒரு பாடபேதம். உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்து இந்தியா தன் இயந்திரங்களோடு எப்படி வாழ்ந்தது என்பதற்கு அது சான்று. அவ்வேலையில் பெரும்பகுதியும் காகிதத்தில் எழுதப்படாதது என்பதால் இரும்பு போனால் சான்றும் போய்விடும்.

கட்டடங்களைப் பேணுவோர் இதை முன்பே எதிர்கொண்டார்கள். 1964-இன் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றுள் தகுதியுடையவற்றை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமாகாது என்றது. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா அதைப் பின்பற்றி டுரின் சாசனம் என்ற ஒன்றை வகுத்திருக்கிறது. நம் விதியோ தொழிற்சாலை நாளை மட்டுமே பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வாகனம் விலகக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதே திசையில் செல்கின்றன. சாலைப் பாதுகாப்பு கருதி இன்றைய வாகனங்களுக்கு அது வேண்டியதே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் முறைப்படி அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் ‘டீசல்’ எனத் திருத்தி எழுதப்பட்ட காரின் நிலை வேறு. மூல இன்ஜினுக்குத் திரும்பினால் புத்தகத்தோடு பொருந்தாது. திரும்பாவிட்டால் விண்டேஜ் வரையறையோடு பொருந்தாது. ஆண்டும் ஆவணமும் உடைய பழைய மாற்றங்களை வாகனத்தின் வரலாறாக ஏற்கும் ஒரு துணைவகை விதிகளில் சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. நாற்பதாண்டு ஓடியதற்குச் சான்றுள்ள மாற்றத்தை நேற்றைய அலங்கார மாற்றத்திலிருந்து பிரித்தறிவது போக்குவரத்து அலுவலகத்துக்கு இயலாத காரியம் அன்று.

அதுவரை கொட்டகையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாங்கியை வெட்டும் முன் அளவெடுத்துப் படம் பிடியுங்கள். இறக்கிய இன்ஜினின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடமிருந்தால் இன்ஜினையே ஒரு மூலையில் வையுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஆர்.சி. புத்தகமோ பட்டறை ரசீதோ இருந்தால், திருத்தம் எழுதப்பட்ட பக்கத்தைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆண்டு, எந்தக் காரில் எந்த இன்ஜின் என்ற விவரங்கள் தெரிந்தால் போதும். மிஸ்திரியின் பெயரும் நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.