30 இஞ்ச்சிலிருந்து 31 இஞ்ச் வரை: ஒரு டயர் புராணம்

ஒரு மாசமா இந்தப் பக்கம் வரல. ஆணி கொஞ்சம் அதிகம். அதோட, நானே காசு குடுத்து வாங்கின ஒரு அசட்டுத்தனத்தை எப்படி வெளிய சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். சொல்லிடறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வாங்க.

நான் ஓட்டறது 2002-ஆம் வருஷத்து ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப். மாணவன் கைக்கு எட்டற விலையில கிடைச்ச வண்டி. இங்கே மிசௌரியில் ஆளாளுக்குப் பிக்கப் வச்சிருக்கான், ஒவ்வொண்ணும் எருமை மாதிரி நிக்குது. பக்கத்துல என் வண்டி கன்னுக்குட்டி. டயரும் மொட்டையாகிற நிலைமை. சரி, மாத்தறதுதான் மாத்தறோம், பெருசா மாத்துவோமேன்னு ஒரு ஆசை. ஒருத்தர் நாலு ரிம்மும் நாலு 33 இஞ்ச் டயரும் சேர்த்து 200 டாலர்னார். பட்டன் நல்லா ஆழமா இருந்துச்சு. அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வச்சுத் தூக்கி மாட்டினா, மாட்டல. என் வண்டியில அஞ்சு போல்ட், ரிம்ல அஞ்சு ஓட்டை. ஆனா போல்ட் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். விஷயம் என்னன்னா, ரேஞ்சரில் அந்த அஞ்சு போல்ட்டும் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் வாங்கிய ரிம் 1997-லிருந்து 2003 வரை வந்த எஃப்-150 வண்டியுடையது. அதில் வட்டம் 135 மில்லிமீட்டர். ரெண்டும் ஒரே கம்பெனி. கூடத் தங்கியிருக்கற தெலுங்குப் பையன் நிதானமா பாத்துட்டு, "ஜாதகம் பாக்காம பொண்ணு எடுத்தா இப்படித்தான்"னு சொல்லிட்டு சோறு வடிக்கப் போயிட்டான்.

அந்த அவமானத்துலதான் டயர் ஓரத்துல எழுதியிருக்கற எழுத்தையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க அது கல்வெட்டு மாதிரி. ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு காலத்துல வெட்டினது.

முதல்ல ஒரு ஆச்சரியம். பிக்கப் என்ற பெயரிலேயே ஃபோர்டு தன் தொழிற்சாலையிலிருந்து விற்ற முதல் வண்டி, 1925-ல் வந்த மாடல் டி பிக்கப். விலை 281 டாலர். மாடல் டி-யின் வழக்கமான பின்சக்கர டயர் அளவு 30×3½. அதாவது தரையிலிருந்து உச்சி வரை 30 இஞ்ச் உயரம், மூன்றரை இஞ்ச் அகலம். என் வண்டியின் கதவோர ஸ்டிக்கரில் இருப்பது பி235/75ஆர்15. கணக்குப் போட்டால் 28.9 இஞ்ச். நூறு வருஷத்துக்கு முந்தின பிக்கப்பை விட என் டயர் குள்ளம்! :-)

அன்றைக்கு உயரம் பந்தாவுக்காக இல்லை. ஊருக்கு வெளியே போனால் சேறு, வண்டித்தடம், பள்ளம். ஆக்சில் தரையில் தட்டாமல் போகவேண்டுமென்றால் சக்கரம் உயரமாக இருந்தே தீரவேண்டும். நம்மூர் மாட்டுவண்டிச் சக்கரம் அவ்வளவு உயரமா இருந்ததுக்கும் இதேதான் காரணம். ஆனா ஒல்லி டயர் என்பதால் காற்றைக் கல்லு மாதிரி அடிக்கணும், முதுகு கழண்டுவிடும். 1923-ல் ஃபயர்ஸ்டோன் பலூன் டயர் கொண்டுவந்தது. அகலம் கூட, காற்று கம்மி, பயணம் மெத்துன்னு இருக்கும்.

பலூன் வந்ததும் எழுதும் முறையே மாறிப்போச்சு. 4.40-21 என்றால் டயரின் அகலம் 4.40 இஞ்ச், ரிம் 21 இஞ்ச். ரோடு நல்லா ஆக ஆக ரிம் சின்னதாகிக்கொண்டே வந்தது, 21 போய் 16, 16 போய் 15. நம்மூர் ஜீப்பின் 6.00-16-உம், லாரியின் 10.00-20-உம் இந்தப் பரம்பரைதான். கவனிச்சீங்களா, இந்த எழுத்துல மொத்த உயரம் எங்கேயுமே இல்லை. ரோடு நல்லாயிட்டா உயரம் யாருக்கு வேணும்?

அறுபதுகளின் கடைசியில் ஜி78-15 என்று ஒரு எழுத்து முறை வந்தது. முதல் எழுத்து எவ்வளவு பாரம் தாங்கும்னு சொல்லும். அது சீக்கிரமே போயிருச்சு. எழுபதுகளின் பிற்பாதியில் வந்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் பி235/75ஆர்15. அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம் மட்டும் இஞ்ச்சில். ஒரே வரியில மூணு விதமான அளவு. இப்படி எழுதலாம்னு சம்மதிச்ச கமிட்டியை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு. என் ஆய்வறிக்கையில யூனிட்டை இப்படிக் கலந்தா என் கைடு என்னைக் கலந்துடுவார்.

இதுக்கு நடுவுல கலிஃபோர்னியா பாலைவனத்துல வேற கதை ஓடிக்கிட்டு இருந்தது. மணல்ல ஒல்லி டயர் புதையும். டிக் செப்பெக் என்பவர் அறுபதுகளில் தெற்கு கலிஃபோர்னியாவில் அகலமான டயர்களைத் தேடிப்பிடித்து ஜீப்காரர்களுக்கும் பிக்கப்காரர்களுக்கும் விற்க ஆரம்பித்தார். காற்றைக் குறைத்துவிட்டால் டயர் மணல்மேல் மிதக்கும். 1967-ல் மெக்சிகோவின் பாகா தீபகற்பத்தில் நெடுந்தூரப் பந்தயம் தொடங்கியதும் இந்த ஆசை ஊருக்குள் பரவியது. 1976-ல் பிஎஃப் குட்ரிச் தன் ஆல்-டெரைன் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. இந்த வகை டயர்களில் அளவு எழுதுகிற முறை 31×10.50ஆர்15. அதாவது முதல் எண் மொத்த உயரம்! 1925-ல் 30×3½ என்று எழுதிய அதே வரிசை. ரோடு போட்டு முடிச்ச தேசம், ரோடு இல்லாத இடத்துக்குப் போக ஆசைப்பட்டதும் பழைய எழுத்து முறை திரும்பி வந்துட்டது. வந்தும் உயரத்துல ஒரு இஞ்ச்தான் வித்தியாசம்.

இனி நம்ம மாநிலத்துப் பெருமை. செயின்ட் லூயிஸ்காரர் பாப் சாண்ட்லர், கட்டட வேலைக்காரர். 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வச்சிருந்தார். பெரிய டயர் போட்டார், ஆக்சில் உடைந்தது. பெரிய ஆக்சில் போட்டார், அதுக்குத் தக்க இன்னும் பெரிய டயர் போட்டார், வேறேதோ உடைந்தது. ஆக்சிலேட்டர்ல வைக்கற கால் கனமா இருக்குன்னு கூட இருந்தவர் வச்ச பட்டப்பெயர்தான் பிக்ஃபுட். கடைசியில் ராணுவ லாரி ஆக்சில், 48 இஞ்ச் டயர். 1981-ல் ஒரு வயலில் ரெண்டு பழைய கார்மேல ஏத்தி நசுக்கி வீடியோ எடுத்தார். மான்ஸ்டர் டிரக் என்ற முழுத் தொழிலும் அந்த வீடியோவிலிருந்துதான் கிளம்பிச்சு. அடுத்த வருஷம் 66 இஞ்ச். அது வயலில் உரம் தெளிக்கற பெரிய வண்டிகளின் டயர், 66×43.00-25. 1986-ல் பிக்ஃபுட் 5-க்கு அமெரிக்க ராணுவம் கைவிட்ட தரைவழி ரயில் வண்டியிலிருந்து கழட்டிய 10 அடி டயர்.

சிரிக்கலாம். ஆனா டயரை மட்டும் பெருசாக்க முடியாது என்பதைச் சாண்ட்லர் ஒவ்வொரு ஆக்சிலா உடைச்சுக் காட்டியிருக்கார். நான் வாங்கிட்டு வந்தது 285/75ஆர்16, உயரம் 32.8 இஞ்ச். பழைய டயரை விடக் கிட்டத்தட்ட 14 சதவீதம் பெருசு. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68-ல் போயிட்டிருக்கும். இந்த ஊர் ஹைவேயில் வேக வரம்பு 70. நான் நல்ல பையனா 70-ல் போறதா நினைச்சுக்கிட்டு கிட்டத்தட்ட 80-ல் போய் போலீஸ்காரர்கிட்ட மாட்டியிருப்பேன். 4.10 என்ற ஆக்சில் பல் விகிதம் 3.6 மாதிரி ஆகிவிடும், மேட்டில் வண்டி இழுக்காது. சக்கரம் பெரிசானால் அதை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் பலம் வேணும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தால் மட்கார்டில் உரசும். இவ்வளவும் பண்ணி ஆக்சில் எவ்வளவு தூக்கும்? உயர வித்தியாசத்துல பாதிதான். ரெண்டு இஞ்ச்சுக்கும் கம்மி.

சரி, இதெல்லாம் பணத்தோட போற நஷ்டம். அடுத்தது அப்படி இல்லை.

செயின்ட் லூயிஸிலிருந்து ரெண்டு மணி நேரம் வடகிழக்கே ஓட்டினால் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்று ஒரு ஊர். அங்கே ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை இருந்தது. 2000-ஆம் வருஷம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்தக் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அளவு பி235/75ஆர்15. ஆமாம், என் கதவில் எழுதியிருக்கற அதே அளவு. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் இருந்தவை. எக்ஸ்ப்ளோரர் என்பது ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தின் மேல் கட்டிய வண்டி. வெயில் காலத்தில், வேகமாகப் போகும்போது, டயரின் பட்டன் பட்டை அப்படியே உரிந்து வந்தது. வண்டிகள் உருண்டன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி 271 பேர் இறந்தார்கள்.

யார் தப்பு என்ற சண்டை ஒரு எண்ணுக்கு வந்து நின்றது. ஃபோர்டு அந்த வண்டிக்குச் சொல்லியிருந்த காற்று 26 பவுண்டு. 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடு ஏறும், சூட்டில் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைகள் பிரியும். டயர் சரியில்லை என்றது ஃபோர்டு, வண்டி சரியில்லை என்றது ஃபயர்ஸ்டோன். 1906-லிருந்து டயர் கொடுத்து வாங்கிய கம்பெனிகள். சம்பந்தி வீடுகள் வேற: ஹென்றி ஃபோர்டின் பேரனும் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் 1947-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. சண்டை நடந்தபோது ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்தவர் அவங்க பையன். ரெண்டு வீட்டுக்கும் கொள்ளுப்பேரன். 2001 மே மாசம் அந்த வியாபாரம் முறிந்தது. அந்த வருஷக் கடைசியில் டிகேட்டர் தொழிற்சாலையை மூடினார்கள்.

எனக்கு இதுல மறக்கமுடியாதது இன்னொரு பக்கம். டிகேட்டரில் 1994-ல் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனி மாற்று ஆட்களை வைத்து ஓட்டியது. நிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியும் 1996 கடைசி வரை ஒப்பந்தம் ஆகவில்லை. ஆலன் க்ரூகர், அலெக்ஸாண்டர் மாஸ் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தெந்தக் காலத்தில் செய்த டயர் அதிகமாகப் பழுதானது என்று பிரித்துப் பார்த்தால், கூலிக் குறைப்பைக் கேட்ட மாதங்களிலும், பழைய ஆட்களும் மாற்று ஆட்களும் ஒரே கூரைக்கடியில் கசப்போடு வேலை செய்த மாதங்களிலும் செய்தவைதான் எகிறி நிற்கின்றன. எனக்கு 26-30 சண்டையை விட இது பெருசாப் படுது. ஆனா இதை எந்தக் கதவிலயும் ஸ்டிக்கரா ஒட்ட மாட்டாங்க.

ஒட்டினது வேற. 2000 நவம்பரில் டிரெட் சட்டம் வந்தது. காற்று 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும், 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார், பிக்கப்பிலும் கட்டாயம் என்று அதன் வழியாக விதி வந்தது. அதே 2000-லிருந்துதான் டயரின் வயசையும் நாலு எண்ணில் எழுதுகிறார்கள். முதல் ரெண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம்.

இதைப் படிச்ச கையோட செல்போன் வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். நான் வாங்கின டயர்ல 3409. 2009-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம். பல கார் கம்பெனிகள் ஆறு வருஷத்துல மாத்தச் சொல்றாங்க, டயர் கம்பெனிகளே பத்துக்கு மேல ஓட்டாதேன்னு சொல்றாங்க. பட்டன் ஆழமாத்தான் இருந்துச்சு. பட்டனுக்கு நடுவுல விரலை விட்டுத் தடவினா வயக்காட்டு வெடிப்பு மாதிரி கோடு கோடா வெடிப்பு. போன ஜூலையில இதே வண்டியில நாலு பேரை ஏத்திக்கிட்டு டெக்சாஸ் போயிட்டு வந்தேன். ரிம் மட்டும் பொருந்தியிருந்தா அடுத்த ஜூலைக்கு இந்த டயர்லதான் போயிருப்போம். அந்த 135 மில்லிமீட்டருக்கு ஒரு கும்பிடு.

ஊர்ல பெரியப்பா நாமக்கல் லாரி ஓட்டினவர். போன்ல சொன்னேன். "ஏன்டா தம்பி, வாங்கறப்ப தட்டிப் பாத்தியா?"ன்னார். "இல்லீங்க பெரியப்பா, பட்டன் நல்லா இருந்துச்சுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எத்தனை பிளை?"ன்னு மட்டும் கேட்டார். பெரியப்பா பத்து வருஷம் ஓட்டின 10.00-20-ல அவருக்கு முக்கியம் அளவு இல்லை, பாரம். இங்கேயும் அதேதான். பி-ன்னு ஆரம்பிக்கற டயரை பிக்கப்ல போட்டா அது தாங்கற பாரத்தை 1.10-ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கணும். எல்டி-ன்னு ஆரம்பிச்சா அது லாரிச் சாதி. அதுல சி, டி, இ-ன்னு இருக்கற எழுத்துதான் அந்தக் கால 6, 8, 10 பிளை.

கடைசியில என்ன போட்டேன்னு கேக்கறீங்களா? தேடினப்ப ஒண்ணு கிடைச்சது. அதே 2002-ல், அதே ரேஞ்சரின் எஃப்எக்ஸ்4 வகைக்கு ஃபோர்டே 31×10.50ஆர்15 போட்டு வித்திருக்கு. அந்த டயருக்கு 7-லிருந்து 9 இஞ்ச் அகல ரிம் வேணும். என் பழைய ரிம் சரியா 7. புதுசா நாலு வாங்கிப் பழைய ரிம்லயே மாட்டிட்டேன். ரெண்டு மாச உதவித்தொகை காலி. ரிவர்ஸ்ல முழுசா ஒடிச்சா இடது பக்கம் லேசா உரசற சத்தம் கேக்குது, அதை இன்னும் பாக்கணும். ஸ்டெப்னி இன்னும் பழைய 28.9-தான்.

அந்தப் பழைய டயரை நாலையும் யாரும் எடுத்து ஓட்டாதபடி பக்கச்சுவரை அறுத்து, தலைக்கு அஞ்சு டாலர் குடுத்துக் கழிச்சுட்டேன். ரிம் நாலும் கட்டிலுக்கு அடியில கிடக்கு. 135 மில்லிமீட்டர், அஞ்சு ஓட்டை. இங்கே மிசௌரிப் பக்கம் யாராவது பழைய எஃப்-150 வச்சிருந்தா ஒரு பின்னூட்டம் போடுங்க. ஜாதகம் பொருந்தினா சும்மாவே தரேன்.