ஆயிரம் குரல்கள், ஒரே மன்றாட்டு

1910ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள். செருமனியின் மியூனிக் நகரில், கண்காட்சித் திடலின் புதிய இசை மண்டபத்தில் 858 பாடகரும் 171 இசைக்கருவியாளரும் அணிவகுத்திருந்தனர். பாடகருள் 350 பேர் சிறார். தம் எட்டாம் சிம்பொனியைத் தாமே நடத்தி அரங்கேற்றினார் குஸ்தாவ் மாலர். 'ஆயிரவர் சிம்பொனி' என்று விளம்பரத்திற்காகப் பெயர் சூட்டியவர் நிகழ்ச்சி அமைப்பாளர் எமில் குட்மன். மாலர் அப்பெயரை விரும்பவில்லை.

இத்துணைப் பெரிய படைப்பின் முதற்பகுதி நாம் நன்கறிந்த ஒரு மன்றாட்டே. பெந்தகோஸ்து விழாவிலும் குருத்துவத் திருநிலைப்பாட்டிலும் திருத்தந்தைத் தேர்விலும் திருச்சபை பாடும் 'வேனி கிரேயாத்தோர்' என்னும் இலத்தீன் பாடல் அது. 9ஆம் நூற்றாண்டின் ராபானுஸ் மௌருஸ் இயற்றியதாக மரபு கூறும். இரண்டாம் பகுதி, கெத்தேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தின் இறுதிக் காட்சி. மேலிருந்து ஆவியை அழைக்கும் குரலுக்கு, மனித ஆன்மாவை மேலே ஈர்க்கும் அன்பு விடையாகிறது.

மாலர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1897இல் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டிலேயே வியன்னா அரசவை இசை நாடக அரங்கில் பதவியேற்றார். யூதருக்கு அக்கதவு அடைபட்டிருந்த காலம் அது. பதவிக்காக மதம் மாறியவரின் செபம் உண்மையானதா என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவைத் தொடுக்குமுன், ஒருவரை அந்நிலைக்குத் தள்ளிய கிறிஸ்தவச் சமுதாயம் தன்னைத்தானே வினவிக்கொள்வதன்றோ முறை? உள்ளத்தை அறிபவர் இறைவன் ஒருவரே.

1906ஆம் ஆண்டுக் கோடையில், மையர்னிக் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரில் இச்சிம்பொனி உருவாயிற்று. மறு ஆண்டே அவருடைய நான்கு வயது மகள் மரியா நோயால் இறந்தாள். அவருக்கும் இதயநோய் இருப்பது தெரியவந்தது. வியன்னாப் பதவியும் விலகிப் போயிற்று. உடலின் தளர்ச்சிக்கு வலிமை வேண்டும் இடத்தில் முழக்கம் அடங்கி, இசை தணிந்து ஒலிக்கும். மகள் உயிரோடிருந்த நாளில் எழுதிய அவ்வேண்டுதலை, மகளை இழந்த தந்தையாய், 350 சிறார் முன்னே நின்று அவர் நடத்தினார். எட்டே மாதங்களில், 1911 மே 18இல், தம் ஐம்பதாம் வயதில் காலமானார்.

1933க்குப் பின் நாத்சி ஆட்சி அவர் இசைக்குத் தடை விதித்தது. திருமுழுக்குப் பெற்றும் அவர்கள் கண்ணுக்கு அவர் யூதரே. தடை விதித்த ஆட்சி மறைந்தது, இசை நிலைத்தது. அடுத்த பெந்தகோஸ்தில் நம் சிற்றாலயப் பாடற்குழு இம்மன்றாட்டைப் பாடும்போது, தளர்ந்த மனிதர் அனைவருக்காகவும் அதைப் பாடுவோமாக.