தெச்சா ஆறு

தெச்சா, ரஷ்யாவின் தென் உரால் பகுதியில் செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் தொடங்கும் சிற்றாறு. நீளம் சுமார் 240 கி.மீ. இதன் நீர் இசேத், தொபோல், இர்த்திஷ் ஆறுகள் வழியே ஓப் பேராற்றில் சேர்ந்து, ஆர்க்டிக்கின் காரா கடலை அடைகிறது. அணுகுண்டுக்காக 1948 முதல் புளூட்டோனியம் தயாரித்த மாயக் ஆலை, 1949 முதல் 1956 வரை சுமார் 7.6 கோடி கனமீட்டர் கழிவுநீரை இந்த ஆற்றில்தான் விட்டது. அதிலிருந்த கதிரியக்கம் ஏறத்தாழ 27.5 லட்சம் கியூரி. பெரும்பகுதி 1950, 1951 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இறங்கியது. ஆற்றில் விட்டது நீர்த்துப்போய்க் கடலோடு கலந்துவிடும் என்ற கணக்கு இங்கே பொய்த்தது. காரணம், ஆறு எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி சுமப்பதில்லை. கழிவிலிருந்த சீசியம்-137 களிமண்ணின் நுண்ணிய அடுக்குகளுக்குள் புகுந்தால் எளிதில் வெளிவராது, வண்டலோடு படிந்துவிடும். ஆகவே அது ஆலைக்குச் சில கிலோமீட்டர் கீழே இருந்த மெத்லினோ கிராமத்துக் குளத்திலும் அசானோவ் சதுப்பிலும் வெள்ளச் சமவெளியிலும் தங்கிப்போனது. ஸ்ட்ரான்சியம்-90 அப்படியல்ல. நீரில் கரைந்த நிலையிலேயே நெடுந்தூரம் போகும். குடிநீரிலும் பாலிலும் ஏறி, கால்சியத்தைப் போல எலும்பிலும் பல்லிலும் சேரும். கரையோர மக்களின் பற்களிலேயே அது அளக்கப்பட்டிருக்கிறது.

மாசு வழியிலேயே தேங்கியதால் கடல் தப்பியது, அது நல்லதுதானே என்று வாதிடலாம். 1990-களில் நார்வேயும் ரஷ்யாவும் கூட்டாக நடத்திய கடலாய்வுகளில் காரா கடலின் திறந்த பரப்பில் குறைந்த அளவு கதிரியக்கமே தென்பட்டது என்பதும் உண்மை. ஆனால் கடல் தப்பியதற்கு விலை கொடுத்தவர்கள் கரையில் இருந்தவர்கள். சுமார் 28,000 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஏறத்தாழ 7,500 பேர் ஊர்விட்டு அகற்றப்பட்டார்கள். பனி உருகிப் பெருகும் வசந்த வெள்ளம் படிந்த வண்டலைக் கிளறி மேய்ச்சல் நிலத்தில் பரப்பியது. அங்கே மேய்ந்த மாட்டின் பாலையே வீட்டில் குடித்தார்கள். கடலும் முழுக்கத் தப்பவில்லை. ஓப் கொண்டுவந்த ஸ்ட்ரான்சியம் காரா கடலைச் சேர்ந்தே இருக்கிறது. அங்குள்ள மாசில் அணுகுண்டுச் சோதனைத் தூசும் பிரிட்டனின் செல்லாஃபீல்டு ஆலைக் கழிவும் கலந்திருப்பதால், ஆற்றின் பங்கைத் தனியே பிரிப்பதுதான் கடினம்.

பின்னாளில் மேல்பகுதியில் அணைகள் கட்டி, நீர்த்தேக்கத் தொடர் அமைத்தார்கள். ஆனாலும் அசானோவ் சதுப்பிலிருந்து ஸ்ட்ரான்சியம் கசிவது நிற்கவில்லை.