சத்தம் வராத பழைய கொம்பியூட்டர்

லினக்ஸ் போட்ட பழைய கொம்பியூட்டரில் சத்தம் வரவில்லை, மவுஸ் அசையவில்லை என்றால் மூலையில் தள்ளிவிடுகிறோம். அதன் வரலாற்றை அறிந்தால் தள்ளமாட்டோம்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். பின்னர் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரு சவுண்ட் கார்டுக்காக எழுதிய நிரல் வளர்ந்து, 1998இல் 'அல்சா' ஆனது. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 அதைச் சேர்த்துக்கொண்டது.

அல்சா தொடக்கத்தில் ஒலியை மூடியே வைத்திருக்கும். 'அல்சாமிக்சர்' திறந்து, 'எம்எம்' என்று காட்டும் இடத்தில் 'எம்' விசையை அழுத்தி, ஒலியளவைக் கூட்டுங்கள். வட்ட முனை மவுஸை, கொம்பியூட்டரைப் போடுவதற்கு முன்பே சொருகுங்கள்.

மஸ்கெலியாவில் நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடம் கேட்டுப் பழக அந்த ஒரு கொம்பியூட்டரே போதும். வீசுவதற்கு முன் இவ்விரண்டையும் பார்த்துவிடுவோம்.