போபா ஃபெட்டைத் தொலைக்காட்சியில் முதலில் நடக்க வைத்த ஊர்

போன மாதம் மில்லிக்கனில், பசிபிக் மாலில் ஒரு பொம்மைக் கடைக்கு முன்னால் என் அக்காவின் மகன் அசையாமல் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டார் வார்ஸ் போபா ஃபெட்.

"இவர் முதன்முதலாத் தொலைக்காட்சியில வந்ததே எங்கட ஊர் ஆக்கள் கீறின படத்திலதான், தெரியுமோ?" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ மாமா."

நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆகவே கதையைச் சொல்கிறேன்.

1971இல் ரொறன்ரோவில் மூன்று இளைஞர்கள் 'நெல்வானா' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக்கேல் ஹிர்ஷ் பெல்ஜியத்தில் பிறந்து, சிறுவயதில் கனடா வந்தவர். கிளைவ் ஸ்மித் இங்கிலாந்திலிருந்து வந்தவர். மூன்றாமவர் பட்ரிக் லூபேர். நெல்வானா என்பது 1941இல் தோன்றிய கனடியச் சித்திரக்கதை நாயகியின் பெயர். எல்லோரும் மறந்துவிட்ட அந்தச் சித்திரக்கதைகளைத் தேடியெடுத்து ஹிர்ஷும் லூபேரும் ஒரு புத்தகமே போட்டார்கள்.

1977இல் அவர்கள் செய்த 'எ கொஸ்மிக் கிறிஸ்மஸ்' என்ற தொலைக்காட்சிப் படம் ஜோர்ஜ் லூக்காஸுக்குப் பிடித்துப்போனது. ஸ்டார் வார்ஸ் விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சிக்கு ஒரு கார்ட்டூன் பகுதி செய்யும் வேலை நெல்வானாவுக்குக் கிடைத்தது. பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் பாணியில் அது இருக்கவேண்டும் என்றார் லூக்காஸ். ஸ்மித் இயக்கினார். போபா ஃபெட் வரும் திரைப்படம் 1980இல்தான் வெளியானது. அதனால் ஓவியர்கள் பார்த்துக் கீற, அந்த உடையைக் காட்டும் ஒரு கறுப்பு வெள்ளைப் படச்சுருளைத்தான் அனுப்பினார்கள். குரல் கொடுத்தவரும் கனடிய நடிகர்தான்: டொன் ஃபிராங்ஸ்.

கணக்குப் பார்ப்பது என் தொழில் பழக்கம். கார்ட்டூன் ஏறத்தாழ 9 நிமிடம். செக்கனுக்கு 24 ஃபிரேம் என்றால் 12,960 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் 6,480 படங்கள். ஒவ்வொன்றையும் பென்சிலால் கீறி, ஒளி ஊடுருவும் தாளில் கோடுகளைப் பதித்து, பின்பக்கம் வண்ணம் பூசி, கமராவின் கீழ் வைத்துப் படம்பிடிக்க வேண்டும். பிழைத்தால் திரும்பக் கீறவேண்டியதுதான்.

1978 நவம்பர் 17 அன்று நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கடும் கேலிக்கு ஆளானது. லூக்காஸே அதைக் கைகழுவினார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது மறுபடி வரவேயில்லை. கார்ட்டூனும் அதோடு சேர்ந்து மறைந்தது. ரசிகர்கள்தான் வீடியோ நாடாக்களில் பதிந்து, கைமாற்றிக் காப்பாற்றினார்கள். 2011இல் ஒரு புளூரே தட்டில் ஒளித்து வைத்த பகுதியாக வந்தது. 2021இல் டிஸ்னி பிளஸுக்கு வந்தது. ஆனால் செய்த வேலை வீண்போகவில்லை: 1985இல் 'ஈவோக்ஸ்', 'டிரொயிட்ஸ்' என்ற இரண்டு ஸ்டார் வார்ஸ் தொடர்களும் நெல்வானாவிடமே வந்தன.

என் மருமகனின் கணக்குக் கொப்பியில் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் படங்கள்தான். "கீறி என்ன செய்யப்போறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த வயதில் என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். பதில் தெரியாமல் கீறுவதை விட்டேன். பொறியியல் படித்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இந்த ஊரிலேயே இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.