மாலா திர்ன்யா

மாலா திர்ன்யா, சுலோவாக்கியாவின் தென்கிழக்கில் அங்கேரி எல்லைக்கு அருகிலுள்ள சிற்றூர். புகழ்பெற்ற தோக்கை மதுவுக்கான திராட்சை விளையும் ஏழு சுலோவாக்கிய ஊர்களுள் ஒன்று. சுற்றியுள்ள குன்றுகள் பழைய எரிமலைகளின் எச்சங்கள். சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்துள்ளனர். துருக்கியர் படையெடுப்பின்போது மக்கள் அங்கே ஒளிந்தனர் என்பர். அறைச்சுவர்களில் கரும்பூஞ்சை கம்பளிபோல் படர்ந்திருக்கும். அதை யாரும் துடைப்பதில்லை.

இலையுதிர்காலத்தில் போத்ரோக் ஆற்றுப்பக்கம் மூடுபனி எழும். அப்போது பழங்களில் ஒரு பூஞ்சை பற்றி, நீர் வற்றி, இனிப்பு செறியும். பல இடங்களில் அது அழுகல் நோய். இங்கோ அதுதான் செல்வம்! வற்றிய பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பறித்துக் கூடையில் சேர்ப்பர். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை என்பதே மரபான இனிப்புக் கணக்கு. மூன்று முதல் ஆறு வரை.

1920-இல் திரியானோன் உடன்படிக்கை இந்நிலத்தைப் பிரித்தது. பெரும்பகுதி அங்கேரியில் தங்க, சில ஊர்கள் செக்கோசுலோவாக்கியாவுக்குச் சென்றன. கொடி ஒன்றுதான்; எல்லைக்கோடு இடையில் விழுந்தது. 'தோக்கை' என்ற பெயர் யாருக்கு உரியது என்ற பூசல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. 2012-இல் அங்கேரியின் வழக்கு தள்ளுபடியானது. 2014-இல் மேல்முறையீடும் தோற்றது.

திராட்சை உழவரின் காவலர் புனித ஊர்பான். அவருக்குரிய நாள் மே 25. அன்று வானம் தெளிந்திருந்தால் சிலைக்கு மாலை, மழை பெய்தால் சிலைக்கே தண்ணீர் என்பது மத்திய ஐரோப்பியக் கொடித்தோட்டங்களின் பழைய வழக்கம்.