கண்முன் தோன்றும் காணாப் பொருள்

சுவர் சுவராகவே நிற்க, அதிலிருந்து புலியொன்று எழுந்து வரக் காண்பது இன்று கைத்தொலைபேசி உடையோர்க்கு எளிது. ‘ஓக்மென்ரட் ரியாலிற்றி’ எனும் இதனைத் தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்கின்றோம். இளைஞர் இதனை விளையாட்டென எண்ணுகின்றனர். முதியோர் மாயமென்று ஒதுக்குகின்றனர். (சித்தாந்தம் கற்ற பெரியோர் அவ்வாறு ஒதுக்கலாகாது. நம் சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றமன்று, உள்பொருளே.)

1862 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், இலண்டனில் ஜோன் ஹென்றி பெப்பர் என்பார் டிக்கின்ஸின் கதையொன்றைக் காட்சியாக்கினார். மேடைக்கும் சபைக்கும் இடையே சாய்வாக ஒரு பெருங் கண்ணாடி. சபையோர் காணாத இடத்தில், ஒளி பாய்ச்சப்பட்ட நடிகர். அவர் பிம்பம் கண்ணாடியிற் பட்டு, மேடையில் நிற்போர் நடுவே ஆவி உலாவுவதாகத் தோன்றிற்று. கணினியால் இதனைச் செய்தவர் அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட். 1968 இல் அவர் அமைத்த தலைக்கருவி, பாரமிகுதியால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அணிந்தவர்க்கு அறை நடுவே கோடுகளாலான கனசதுரம் தெரிந்தது, அவ்வளவே! பெயர் வந்தது 1990 இல், போயிங் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரொம் கௌடெல் என்பவரால். 2010 இல் நியூயோர்க் நவீன கலைக்கூடத்தினுள், அனுமதி பெறாமலே, கலைஞர் இருவர் முன்னின்று தொலைபேசித் திரைவழிக் கண்காட்சி நடத்தினர். ஆணியொன்றும் அடிக்கவில்லை, காவலாளர் எதனைத் தடுப்பர்?

நமக்கு நெருங்கிய சான்று ‘பிரியாவின் சக்தி’ எனும் சித்திரக்கதை. 2012 டிசம்பரில் டில்லிப் பேருந்தில் மாணவியொருத்திக்கு நேர்ந்த கொடுமை கண்டு, திரைப்பட இயக்குநர் ராம் தேவினேனி இதனை உருவாக்கி 2014 இல் வெளியிட்டார். வன்கொடுமைக்கு ஆளாகி, வீட்டாராலும் கைவிடப்பட்ட கிராமப் பெண் பிரியா. அவளுக்குப் பார்வதியம்மை துணை நிற்கின்றாள். தன்னைத் துரத்திய புலியின்மீதே ஏறி அவள் ஊர் திரும்புகின்றாள். மும்பைச் சுவர்களிலும் இவ்வோவியம் தீட்டப்பட்டது. தொலைபேசியை அதன்முன் பிடித்தால் உருவங்கள் அசைந்தெழும். நூலின் பக்கங்களிலோ, துன்புற்ற பெண்களின் உண்மை வரலாறுகள் முகம் வெளிப்படாவண்ணம் சித்திரமாய் விரியும். முகத்தை மறைத்துக் கதையைக் கேட்பித்ததே இக்கலையின் பெரும் பயன் என்பது எமது துணிபு. புலி பாய்வது பிறகு.

குறையும் உண்டு. அக்காட்சிகளைத் திறந்த பிளிப்பர் செயலியின் நிறுவனம் 2018 டிசம்பரில் பொருள் முடையால் வீழ்ந்தது. பேஸ்புக் நிறுவனத்தாரின் ‘மெற்றா ஸ்பார்க்’ தளமும் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் பிறர் செய்திருந்த படைப்புகளும் உடன் மறைந்தன. திறப்பு தொலைந்த பெட்டகமன்று, பெட்டகமே போயிற்று.

அல்லைப்பிட்டியில் 1977 இல் தொல்லியலறிஞர் ஜோன் கார்ஸ்வெல், சீனச் சொங் அரசமரபுக் கால மட்பாண்ட உடைசல்களைத் தோண்டியெடுத்தார். ஓட்டுத்துண்டின்மேல் முழுக் கிண்ணத்தையும், கரையில் அது வந்த கப்பலையும் காட்டுதல் நம் இளைஞர்க்கு இயலாததன்று. ஆயின், எந்தச் செயலியையும் நம்புமுன் வரைபடத்தையும் விவரத்தையும் தாளிற் பதித்தல் வேண்டும். 1990 இல் தீவகத்தினின்று இடம்பெயர்ந்தோருள், எந்த வேலிக்கு அப்பால் எவர் வீடு நின்றது என்று கைகாட்டக் கூடிய முதியோர் இன்னும் உளர். அவர்களோடு நடந்து அவ்விடங்களைக் குறிக்கும் வேலையைச் சங்கத்தார் இவ்வாண்டே தொடங்கலாம். அதற்குக் கொப்பியும் பென்சிலும் போதும்.